வெல்ஷ் மொழி ராக் இசைக்குழு தொடங்குவோருக்கு: ஒப்பந்தம் முதல் மேடை வரை

வெல்ஷ் மொழியில் பாடும் ஒரு ராக் குழுவுக்கு நல்ல பாட்டு அமைவது பாதி வேலைதான். மீதிப் பாதி படிவம், காலக்கெடு, பங்குக் கணக்கு. 2021 கணக்கெடுப்பின்படி வேல்ஸில் வெல்ஷ் பேசத் தெரிந்தவர்கள் ஏறத்தாழ 5,38,000 பேர், மக்கள்தொகையில் 17.8 சதவீதம். இவ்வளவு சிறிய வட்டத்தில் ஸ்ட்ரீமிங் வருமானத்தை மட்டும் நம்பிக் குழு நடத்த முடியாது. வானொலி உரிமைத்தொகை, மேடைக் கட்டணம், மானியம், டி-ஷர்ட்டும் இசைத்தட்டும் விற்ற காசு எல்லாம் சேர்ந்தால்தான் செலவுக்குக் கட்டுபடியாகும். இவற்றில் முதலில் நழுவுவது வானொலிப் பணம். காரணம் பெரும்பாலும் ஒன்றே: பாட்டு ஒலிபரப்பான பிறகுதான் அதை உரிமை அமைப்புகளில் பதிவு செய்யக் கிளம்புகிறார்கள். எனவே கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள். ஸ்டூடியோவுக்கு முன்பணம் கட்டுவதற்குள் முதல் மூன்று படிகள் முடிந்திருக்க வேண்டும்.

1. குழு ஒப்பந்தம்: ஒரே ஒரு தாள், ஆனால் முதலில்

பிரிட்டனில் நான்கு பேர் சேர்ந்து லாபநோக்கில் இசைக்குழு நடத்தினால், எழுத்தில் எதுவும் இல்லாவிட்டாலும் 1890ஆம் ஆண்டுப் பங்குதாரர் சட்டம் அவர்களைப் பங்குதாரர்களாகவே பார்க்கும். லாபம் சமபங்கு, கடனுக்கு ஒவ்வொருவரும் முழுப் பொறுப்பு. ட்ரம்மர் வேன் வாடகை பாக்கி வைத்தால் பாடகரிடம் வந்து கேட்கலாம். ஆகவே ஒரு தாளில் எழுதி, தேதி போட்டு, எல்லோரும் கையெழுத்திடுங்கள். குழுவின் பெயர் யாருக்குச் சொந்தம், ஒருவர் விலகினால் அந்தப் பெயரை யார் வைத்துக்கொள்வது, பொதுப்பணத்தில் வாங்கிய ஆம்ப் யாருக்கு, ஒவ்வொரு பாட்டிலும் யாருக்கு எத்தனை சதவீதம் என்பவை அதில் இருக்க வேண்டும்.

பாட்டின் பங்கும் ஒலிப்பதிவின் பங்கும் வேறு வேறு. மெட்டும் வரியும் எழுதியவர்களுக்குரியது பாட்டு உரிமை. வாசித்துப் பாடிப் பதிவான ஒலிக்குரியது பதிவு உரிமை. இரண்டையும் குழப்பி “எல்லாம் சமம்” என்று வாயால் சொல்லிவிட்டு, மூன்றாண்டு கழித்து ஒரு பாட்டு தொலைக்காட்சித் தொடரில் போனதும் முட்டிக்கொள்வது வழக்கமாக நடப்பது. சமபங்கே வேண்டுமென்றாலும் அதை எழுத்தில் வையுங்கள்.

வெல்ஷ் இசையில் கவிதைக்கு மெட்டுப் போடும் பழக்கம் ஆழமாக வேரூன்றியது. அங்கே ஒரு கண்ணி இருக்கிறது. கவிஞர் இறந்த ஆண்டுக்குப் பிறகு 70 ஆண்டுகள் வரை பதிப்புரிமை உண்டு. 1917இல் போர்க்களத்தில் இறந்த ஹெத் வின்னின் வரிகளை அனுமதியின்றி எடுக்கலாம். 1971இல் இறந்த வால்டோ வில்லியம்ஸின் வரிகளுக்கு 2041 முடியும்வரை உரிமையாளரின் அனுமதி வேண்டும். ஆங்கிலப் பாட்டொன்றை வெல்ஷில் மொழிபெயர்த்துப் பாடுவதும் இப்படித்தான். அசல் வரியோடு பாடினால் வழக்கமான உரிமம் போதும். வரியை மாற்றினால் பதிப்பாளரின் எழுத்துபூர்வ அனுமதி தேவை. பதில் வர மாதக்கணக்காகலாம், வராமலும் போகலாம். முதல் வெளியீட்டில் இந்த வம்பே வேண்டாம், சொந்த வரியோடு வாருங்கள்.

2. பி.ஆர்.எஸ்., பி.பி.எல்., ஏயோஸ்

பாட்டு எழுதியவர்கள் ஒவ்வொருவரும் தனித்தனியாக, பாட்டு உரிமைப் பணத்தை வசூலித்துத் தரும் பி.ஆர்.எஸ். அமைப்பில் சேர வேண்டும். குழுவாகச் சேர முடியாது. ஒருமுறை கட்டணம்தான்: 100 பவுண்டு அளவில் இருக்கும், இளையோருக்குச் சலுகை உண்டு, கட்டுவதற்கு முன் அன்றைய தொகையைப் பாருங்கள். சேர்ந்ததும் எழுத்தாளரை அடையாளம் காட்டக் கிடைக்கும் ஐ.பி.ஐ. எண்ணை எல்லோரும் எல்லோருக்கும் கொடுத்து வையுங்கள். பாட்டைப் பதியும்போது ஒருவர் மட்டும் உட்கார்ந்து, ஒப்பந்தத்தில் உள்ள சதவீதத்தை அப்படியே போட வேண்டும். இரண்டு பேர் இரண்டு விதமாகப் பதிந்து, கூட்டினால் 125 சதவீதம் வருகிறது என்றால் அந்தப் பாட்டின் பணம் தகராறு என்று நிறுத்திவைக்கப்படும்.

வாசித்தவர்கள் அனைவரும், பதிவு உரிமைப் பணத்தை வசூலித்துத் தரும் பி.பி.எல்.-இல் சேர வேண்டும். இதற்குக் கட்டணமே இல்லை. இல்லை என்பதாலோ என்னவோ, பலர் மறந்துவிடுகிறார்கள். ஒலிப்பதிவின் உரிமையாளருக்குப் பாதி, வாசித்தவர்களுக்குப் பாதி என்று பணம் பிரியும். லேபிள் எனப்படும் இசை வெளியீட்டு நிறுவனம் மூலம் வெளியிட்டால், ஒலிப்பதிவின் விவரத்தைப் பி.பி.எல்.-இல் லேபிள் போடும். வாசித்தோர் பட்டியலில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று நீங்களே உள்ளே போய்ப் பாருங்கள். இரண்டு வரி வயலின் வாசித்துவிட்டுப் போன தோழியின் பெயரும் அதில் வர வேண்டும். விட்டுப்போனதைக் கோர ஆறாண்டு வரை இடம் உண்டு. லேபிள் இல்லாமல் வெளியிட்டால், உரிமையாளர் கணக்கையும் குழுவே திறந்து, ஒலிப்பதிவை அடையாளம் காட்டும் ஐ.எஸ்.ஆர்.சி. எண்ணைப் பாட்டுக்கு ஒன்றாகப் பி.பி.எல். வழியாகவே இலவசமாக வாங்கலாம். பன்னிரண்டு இலக்க எழுத்தெண் அது. பாட்டை ஸ்ட்ரீமிங் தளங்களுக்கு விநியோகிப்பவர் தரும் எண்ணை ஏற்பதென்றால், அதே எண்ணைத்தான் பி.பி.எல்.-இலும் போட வேண்டும். ஒரே பாட்டுக்கு இரண்டு எண் வந்துவிட்டால் ஒலிபரப்புக் கணக்கும் பதிவுக் கணக்கும் ஒன்றையொன்று கண்டுகொள்ளாது.

ஏயோஸ் வெல்ஷ் இசைக்கென்றே 2012இல் உருவான உரிமை அமைப்பு. ஒலிபரப்பு உரிமையை மட்டும் பார்த்துக்கொள்கிறது. அதில் சேர்வதென்றால் அந்த ஒரு உரிமையைப் பி.ஆர்.எஸ்.-இடமிருந்து பிரித்துக் கொடுக்க வேண்டியிருக்கும். இரண்டு இடத்திலும் ஒரே உரிமையை வைக்க முடியாது. குழுவில் இரண்டு பேர் அங்கே, ஒருவர் இங்கே என்று இருந்தால் கணக்குப் பார்ப்பது பெரும்பாடு. சேர்வதா வேண்டாமா என்பதை எழுத்தாளர்கள் எல்லோரும் கூடிப் பேசி ஒரே முடிவாக எடுங்கள். முதல் ஆண்டில் அவசரப்பட வேண்டியதில்லை என்பது எங்கள் கருத்து.

3. வரி, காப்பீடு, வயது, விசா

பிரிட்டன் வரியாண்டு ஏப்ரல் 6 முதல் அடுத்த ஏப்ரல் 5 வரை. தனியாளாகச் சுயதொழில் செய்பவருக்கு ஆண்டுக்கு 1,000 பவுண்டு வரையிலான வரவுக்குச் சலுகை உண்டு. ஆனால் பங்குதாரர் அமைப்பின் வருமானத்துக்கு அந்தச் சலுகை செல்லாது. ஆளுக்கு 400 பவுண்டுதானே வந்தது என்று விட்டுவிடுகிறவர்கள் இங்கேதான் மாட்டுகிறார்கள். வரியாண்டு முடிந்தபின் வரும் அக்டோபர் 5க்குள் பதிவு, ஜனவரி 31க்குள் இணைய வழிக் கணக்குத் தாக்கல். குழுவுக்கென்று தனி வங்கிக் கணக்கு, எல்லா ரசீதுக்கும் ஒரு படம், ஒவ்வொரு பயணத்துக்கும் மைல் கணக்கு. முதல் நாளிலிருந்தே இந்த மூன்றும் இருந்தால் ஜனவரியில் தூக்கம் கெடாது.

மேடை தரும் இடங்கள் பொதுப்பொறுப்புக் காப்பீட்டுச் சான்று கேட்கும். மியூசிஷியன்ஸ் யூனியன் உறுப்பினராக இருந்தால் ஒரு கோடி பவுண்டு வரையிலான காப்பீடு அதிலேயே அடங்கும். பூட்டிய வேனில் இரவு முழுக்க விட்ட கிட்டாருக்குப் பல கருவிக் காப்பீடுகள் பணம் தராது. அந்த வரியைத் தேடிப் படித்துவிடுங்கள்.

வெல்ஷ் குழுக்கள் பல பள்ளியிலேயே தொடங்குகின்றன. கட்டாயப் பள்ளி வயதைத் தாண்டாதவர் மேடையேறினால் அவர் வசிக்கும் பகுதியின் கவுன்சிலிடம் குழந்தைக் கலைஞர் உரிமம் தேவைப்படலாம். நிகழ்ச்சிக்கு 21 நாள் முன்பே விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும். பெற்றோர் கையெழுத்து, வயதுச் சான்று, புகைப்படம், பள்ளியின் ஒப்புதல் ஆகியவற்றைச் சேர்க்கவே ஒரு வாரம் ஆகும்.

கார்டிஃப், பேங்கர், அபெரிஸ்ட்வித் போன்ற ஊர்களுக்கு மாணவர் விசாவில் வந்து, உள்ளூர் நண்பர்களோடு குழுவில் சேர நினைக்கும் நம்மவர்களுக்கு ஒரு சொல். அந்த விசாவில் சுயதொழிலும், தொழில்முறைக் கலைஞராக மேடையேறுவதும் கூடாது. பணம் வாங்கவில்லை என்றாலும், முன்கூட்டியே பல்கலைக்கழகத்தின் விசா அலுவலகத்தில் எழுத்தில் கேட்டுப் பதில் வாங்கிக்கொள்ளுங்கள். மொழி கற்க வேண்டுமானால் ‘டஸ்கி கம்ரைக்’ என்ற தேசியக் கற்றல் மையம் 16 முதல் 25 வயதுள்ளோருக்கு இலவசமாக வகுப்பு நடத்துகிறது.

4. ஒலிப்பதிவு

முதல் வெளியீட்டுக்கு இரண்டு பாட்டு போதும். சிறு ஸ்டூடியோவில் பொறியாளரோடு ஒரு நாளைக்கு 200 முதல் 350 பவுண்டு, மாஸ்டரிங் எனும் கடைசி ஒலிச் சீரமைப்புக்குப் பாட்டுக்கு 40 முதல் 80 பவுண்டு என்று ஒதுக்குங்கள். இரண்டு பாட்டுக்கு இரண்டு நாள் பதிவு, ஒரு நாள் மிக்ஸிங் வைத்தால் 680 முதல் 1,210 பவுண்டுக்குள் நிற்கும்.

கிளம்பும்போது கையில் வாங்க வேண்டியவை: 24 பிட் வேவ் கோப்பில் முழுப் பாட்டு, குரல் இல்லாத வடிவம், வசைச்சொல் இருந்தால் அதை நீக்கிய வானொலி வடிவம். வெல்ஷில் திட்டினால் யாருக்கும் புரியாது என்று நினைக்க வேண்டாம். நீங்கள் அனுப்பப்போவது வெல்ஷ் வானொலிக்கு. குரல் இல்லாத வடிவம் தொலைக்காட்சிக்காரர்கள் கேட்கும்போது உதவும். ஆறு மாதம் கழித்துக் கேட்டால் பொறியாளரிடம் அந்தக் கோப்பு இருக்காது, அல்லது மறுபடி அரை நாள் காசு கேட்பார்.

5. வெளியீடு

லேபிளா, நாமேவா? கோஷ், ஐ கா சிங், லிபர்ட்டினோ, 1969இல் தொடங்கி இன்றும் நடக்கும் சைன் என்று சிறியதும் பெரியதுமாக லேபிள்கள் இருக்கின்றன. பெரிய முன்பணம் எதிர்பார்க்காதீர்கள். அவர்களிடம் கிடைப்பது வானொலித் தயாரிப்பாளரோடும் விழா அமைப்பாளரோடும் உள்ள பழக்கம். ஒப்பந்தத்தில் மூன்றைப் பாருங்கள்: பதிவு உரிமை நிரந்தரமாகப் போகிறதா, குறிப்பிட்ட ஆண்டுகளுக்கா, செலவு கழித்தபின் பங்கு எத்தனை, அடுத்த ஆல்பத்தையும் அவர்களுக்கே தர வேண்டுமா. வெல்ஷ் இசைக்கென்றே டிஜிட்டல் விநியோகம் செய்யும் பிஸ்ட் நிறுவனம் லேபிள்களோடு வேலை செய்கிறது. நீங்களே வெளியிடுவதானாலும் அவர்களிடம் ஒருமுறை கேட்டுப் பார்க்கலாம்.

விவரப் படிவத்தில்தான் அதிகம் சறுக்குகிறார்கள். பாட்டின் மொழி என்ற கட்டத்தில் ‘வெல்ஷ்’ என்பதைத் தேர்ந்தெடுக்காவிட்டால், சில விநியோகத் தளங்கள் ஆங்கில வழக்கப்படி தலைப்பின் ஒவ்வொரு சொல்லையும் பெரிய எழுத்தாக்கிவிடும். வெல்ஷ் தலைப்புகளில் முதல் எழுத்தும் சிறப்புப் பெயர்களும் மட்டுமே பெரியவை. டபிள்யூ, வை எழுத்துகளின் தலையில் வரும் கூரைக்குறி சில தளங்களில் கேள்விக்குறியாக மாறும். பி.ஆர்.எஸ்.-இல் குறியோடும், ஸ்பாட்டிஃபையில் குறியில்லாமலும், பி.பி.எல்.-இல் வேறொரு எழுத்துக்கூட்டலோடும் ஒரே பாட்டு கிடந்தால் பணம் பொருந்தாமல் அலையும். எனவே ஒரு விரிதாளில் தலைப்பு, எழுதியவர்கள், ஐ.பி.ஐ., ஐ.எஸ்.ஆர்.சி., கால அளவு ஆகியவற்றை ஒருமுறை சரியாக எழுதி, எல்லாப் படிவத்திலும் அங்கிருந்தே வெட்டி ஒட்டுங்கள். கையால் மறுபடி தட்டச்சு செய்யாதீர்கள்.

கோப்பை வெளியீட்டு நாளுக்கு நான்கு வாரம் முன்பே ஏற்றுங்கள். ஸ்பாட்டிஃபையின் ஆசிரியர் குழுவுக்குப் பாட்டை முன்வைக்க, குறைந்தது ஏழு நாள் இடைவெளி இருந்தால்தான் உங்களைப் பின்தொடர்வோரின் பட்டியலில் அது உறுதியாக வரும். 2024 முதல் ஒரு பாட்டு கடந்த 12 மாதத்தில் 1,000 முறையாவது கேட்கப்பட்டிருந்தால்தான் ஸ்பாட்டிஃபையில் பணம் வரும் என்பதையும் கணக்கில் வையுங்கள். ஐந்து பாட்டை ஒரே நாளில் கொட்டாமல், ஆறு வாரத்துக்கு ஒன்றாக விட்டால் அந்த வரம்பைத் தாண்டுவது எளிது. அல்ஃபா என்ற இரண்டு பேர் குழுவின் ‘க்வென்வின்’ 2018இல் ஸ்பாட்டிஃபையில் பத்து லட்சத்தைத் தாண்டிய முதல் வெல்ஷ் பாட்டானது. அது நடக்கக்கூடியதுதான். ஆனால் அதை வரவுக் கணக்கில் எழுதி வைத்துச் செலவு செய்யாதீர்கள்.

6. வானொலி

பி.பி.சி.யின் வெல்ஷ் மொழி வானொலியான ரேடியோ கம்ரி இல்லாமல் வெல்ஷ் குழுவுக்கு வாழ்வில்லை. புதிய கலைஞர்களுக்கான பி.பி.சி. இன்ட்ரொட்யூசிங் தளத்தில் பாட்டை ஏற்றுவது இலவசம். அங்கே கொடுக்கும் அஞ்சல் குறியீடு வேல்ஸில் உள்ளதாக இருக்கட்டும். லிவர்பூலிலோ மான்செஸ்டரிலோ படிக்கும் உறுப்பினர் தன் விடுதி முகவரியைப் போட்டால் பாட்டு அந்த ஊர் நிகழ்ச்சியின் கூடையில் போய் விழும்.

அதோடு நிற்காமல், புதிய இசை போடும் நிகழ்ச்சிகளின் தயாரிப்பாளர்களுக்கு வெளியீட்டுக்கு மூன்று வாரம் முன்பு நேரடியாக எழுதுங்கள். கடிதம் வெல்ஷில் இருக்க வேண்டும். ஐந்து வரி போதும். ஊர், குழுவில் யார் யார், பாட்டின் பெயர், வெளியீட்டு நாள், பதிவிறக்க இணைப்பு. கோப்பை இணைப்பாக ஒட்டி அனுப்பினால் அஞ்சல் பெட்டி நிரம்பும், திறக்க மாட்டார்கள். பெயரை எப்படி உச்சரிப்பது என்று அவர்களுக்குச் சொல்லவே வேண்டாம், அது அவர்கள் மொழி. ‘அ செலார்’ இதழுக்கும், எஸ்4சி தொலைக்காட்சியின் இசைப் பிரிவான லூப்புக்கும் அதே கடிதத்தின் பிரதி போகலாம். புகைப்படம் ஒன்று படுக்கைவாக்கில், ஒன்று செங்குத்தாக, எடுத்தவர் பெயரோடு.

7. மேடை: ஆகஸ்டிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

வெல்ஷ் இசை ஆண்டின் உச்சம் ஆகஸ்ட் முதல் வாரம் நடக்கும் தேசிய ஐஸ்டெத்வோட் என்ற வெல்ஷ் மொழிக் கலைவிழா. ஒவ்வோர் ஆண்டும் ஊர் மாறும்: 2023இல் போடியான், 2024இல் பொன்டிப்ரித், 2025இல் ரெக்ஸம். இளைஞர் மேடையான மைஸ் பி-யில் 16 வயதுக்கு மேற்பட்டோர் கூடுவார்கள். மேடையில் பாட்டு மட்டுமல்ல, இடையில் பேசுவதும் வெல்ஷில்தான். புதியவர்களுக்கு உள்ளே போகச் சிறந்த வாசல் ‘ப்ரூய்டர் அ பாண்டியாய்’ என்ற குழுக்கள் போட்டி. வென்றால் பரிசுத்தொகை, ரேடியோ கம்ரியில் பதிவு, மைஸ் பி-யில் இடம். மேலே சொன்ன அல்ஃபா 2017இல் இதை வென்ற குழு. சுற்றுகளின் அமைப்பு ஆண்டுக்காண்டு மாறும் என்பதால் பிப்ரவரியிலிருந்தே அறிவிப்பைக் கவனியுங்கள்.

மற்ற விழாக்களில் பிப்ரவரியில் வெல்ஷ் இசை நாள், மே மாதம் ரெக்ஸமில் ஃபோகஸ் வேல்ஸ், கோடையில் கார்டிஃப் டாவுய்ல், ஜூலையில் டொல்கெஹ்லாய் ஊரின் செஷுன் வவுர், அக்டோபரில் கார்டிஃப் சூன் ஆகியவை முக்கியமானவை. கோடை விழாக்களின் பட்டியல் குளிர்காலத்திலேயே நிரம்பத் தொடங்கும். மே மாதம் எழுதிக் கேட்டால் அடுத்த ஆண்டுக்குத்தான் பதில் வரும். அதுவரை மேடை வேண்டுமே? ‘மென்ட்ரை யைத்’ எனப்படும் உள்ளூர் மொழி அமைப்புகள், இளம் விவசாயிகள் மன்றங்கள், மாணவர் சங்கங்கள் ஆண்டு முழுக்க நிகழ்ச்சி வைக்கின்றன. கார்டிஃபில் 1983 முதல் நடக்கும் க்ளூப் ஈவோர் பாஹ், பெதெஸ்டாவின் நேயத் ஓக்வென் போன்ற அரங்குகளில், தெரிந்த குழு ஒன்றின் துணைக்குழுவாக முதலில் நுழையலாம்.

பேசியதை மின்னஞ்சலில் உறுதி செய்யுங்கள்: கட்டணம், எத்தனை நாளில் தருவார்கள், பொருள் இறக்கும் நேரம், வாசிக்கும் நேரம், ஆம்ப்பும் ட்ரம்ஸும் அங்கே உண்டா. தெற்கிலிருந்து வடக்கே போக ஏ470 சாலைதான் முதுகெலும்பு. கார்டிஃபிலிருந்து கேர்நார்வோனுக்கு நாலரை மணி நேரம் பிடிக்கும். வேனில், மழையில், டிராக்டருக்குப் பின்னால் என்றால் ஐந்தைத் தாண்டும். அந்தப் பயணத்துக்கு 100 பவுண்டு கட்டணம் டீசலுக்கே போய்விடும் என்பதால், வடக்கே போனால் வெள்ளி ஓரிடம், சனி ஓரிடம் என்று இரண்டாகச் சேர்த்தே ஒப்புக்கொள்ளுங்கள். வேன் வாடகை நிறுவனங்கள் பல 25 வயதுக்குக் குறைந்த ஓட்டுநருக்குக் கூடுதல் கட்டணம் போடும் அல்லது வண்டியே தராது. யார் ஓட்டுவது என்பதை மேடையை ஒப்புக்கொள்ளும் முன்பே தீர்மானியுங்கள்.

ஒலிப் பொறியாளருக்கு ஒரு பக்கத்தில் உள்ளீட்டுப் பட்டியல் அனுப்ப வேண்டும். நான்கு பேர் குழுவென்றால் ட்ரம்ஸுக்கு 7, பேஸுக்கு 1, கிட்டார்களுக்கு 2, கீபோர்டுக்கு 2, குரலுக்கு 3, ஆக 15 சேனல். மேடைப் படம் ஒன்றும் வரைந்து, யார் எந்தப் பக்கம், எங்கே மின்சாரம் வேண்டும் என்று குறியுங்கள். விழாக்களில் குழு மாற 15, 20 நிமிடம்தான் தருவார்கள். ட்ரம் செட் பொதுவாக இருந்தாலும் ஸ்னேர், சிம்பல்கள், கிக் பெடல் மூன்றையும் ட்ரம்மர் கொண்டுவர வேண்டும். மேடையை விட்டு இறங்கியதும் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு: வாசித்த பாட்டுப் பட்டியலைப் பி.ஆர்.எஸ். தளத்தில் போடுவது. ஓராண்டுக்குள் போடாவிட்டால் அந்த நிகழ்ச்சியின் உரிமைத்தொகை போனது போனதுதான். வேனில் உட்கார்ந்தபடியே கைப்பேசியில் முடித்துவிடலாம்.

8. மானியம்

பி.பி.சி. வேல்ஸும் வேல்ஸ் கலைக் கழகமும் சேர்ந்து நடத்தும் கோர்வெல்யோன் திட்டத்தின் லாஞ்ச்பேட் நிதி 2,000 பவுண்டு வரை தரும். “ஆல்பம் செய்ய ஆசை” என்று எழுதினால் தேறாது. எந்த ஸ்டூடியோ, எத்தனை நாள், விலைப்புள்ளி எவ்வளவு, வெளியீடு எந்த மாதம் என்று எழுதுங்கள். முதல் படியில் செய்த ஒப்பந்தமும், ஐந்தாம் படியில் செய்த விரிதாளும் கையில் இருந்தால் விண்ணப்பம் ஒரு மாலை வேலை. முடிவு வருவதற்கு முன்பே செலவழித்த தொகையைப் பெரும்பாலான நிதிகள் ஈடுகட்டுவதில்லை. ஆகவே மானியத்தை நம்பிச் செய்யும் பதிவென்றால், ஸ்டூடியோ நாளை முடிவுத் தேதிக்குப் பின்னால் போடுங்கள்.

9. ஆல்பமும் வைனலும்

வைனலுக்கு 300 பிரதி என்பது பொதுவான தொடக்கம். அச்சிட்டு வர மூன்று, நான்கு மாதம் ஒதுக்குங்கள். ஆகஸ்டில் மேடையோரம் விற்க வேண்டுமென்றால் மார்ச்சில் மாஸ்டர் முடிந்திருக்க வேண்டும். 12 அங்குலத் தட்டில் பக்கத்துக்கு 20 நிமிடத்தைத் தாண்டினால் ஒலி மெலியும். கிட்டார் கனமான குழுவுக்கு 18 நல்லது. பாட்டைப் பிரதியெடுக்க உரிமம் தரும் அமைப்பான எம்.சி.பி.எஸ்.-இன் உரிமம் அல்லது விலக்கை அச்சாலை கேட்கும். பாட்டெல்லாம் சொந்தம் என்றாலும் அந்தப் படிவத்தை நிரப்பத்தான் வேண்டும். உறையின் எழுத்துகளை வெல்ஷ் நன்றாகத் தெரிந்த இரண்டு பேர் படித்துப் பார்க்கட்டும், 300 பிரதியிலும் ஒரே பிழை நிற்கக் கூடாது.

10. வேல்ஸுக்கு வெளியே

வெல்ஷில் பாடினால் வெளியே கேட்க மாட்டார்கள் என்ற பேச்சை நம்பாதீர்கள். சூப்பர் ஃபர்ரி அனிமல்ஸ் 2000இல் முழுக்க வெல்ஷில் வெளியிட்ட ‘மூங்’ பிரிட்டன் ஆல்பம் பட்டியலில் 11ஆம் இடம் வந்தது. கார்மார்த்தனின் அட்வைத் குழு வெல்ஷ் இசைப் பரிசை 2019இலும் 2022இலும் வென்றது. பிரான்சின் பிரிட்டானிப் பகுதியில் நடக்கும் லோரியான் செல்டிக் விழா நல்ல முதல் வெளிநாட்டு மேடை. ஆனால் அதுவும் ஆகஸ்ட் தொடக்கத்தில் வருவதால் ஐஸ்டெத்வோட்டோடு தேதி மோதும். எது வேண்டுமென்று ஜனவரியிலேயே முடிவு செய்யுங்கள். பிரிட்டன் கடவுச்சீட்டுள்ளவர்கள் ஷெங்கன் பகுதியில் 180 நாளில் 90 நாள்தான் இருக்கலாம். இசைக்க அனுமதி வேண்டுமா என்பது நாட்டுக்கு நாடு மாறும். டி-ஷர்ட்டுகளையும் தட்டுகளையும் விற்பனைக்கு எடுத்துப் போனால் சுங்க அறிவிப்பு வேண்டும். கூடவே கையில் கொண்டு போகும் கிட்டாருக்கு அந்தச் சிக்கல் குறைவு. தனியாகச் சரக்கில் அனுப்பினால், பொருளைத் தற்காலிகமாகக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவருவதற்கான கார்னே என்ற சுங்க ஆவணம் எடுக்க வேண்டிவரும்.